கிரேடு 5: டர்பன் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் தமிழ் வகுப்பு எடுத்து வருகிறேன். வகுப்பு முடிந்து பிள்ளைகளை அழைத்துப் போக வரும் தாய்மாரும், தாத்தாக்களும், ஆயாமாரும் வாசலில் நின்று கேட்பது பெரும்பாலும் தமிழைப் பற்றி அல்ல. வார நாள் பள்ளியைப் பற்றித்தான். அதிலும் கிரேடு 5 பிள்ளைகளின் வீட்டாருக்கு ஒவ்வோர் ஆண்டும் அதே சந்தேகங்கள் எழுகின்றன. நான்கு தலைமுறையாக இங்கே வாழ்பவர்களும், வேலைக்காகச் சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ அண்மையில் வந்தவர்களும் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். இங்குள்ள பதில்கள் தென்னாப்பிரிக்க அரசுப் பாடத்திட்டமான கேப்ஸைப் பின்பற்றும் பள்ளிகளுக்கு உரியவை.

கிரேடு 5-னா நம்ம ஊர் அஞ்சாங்கிளாஸ்தானே? எத்தனை வயசுப் பிள்ளைங்க இருப்பாங்க?

ஏறத்தாழ அதுதான். பிள்ளைக்கு 11 வயது நிறையும் ஆண்டில் கிரேடு 5 படிப்பது வழக்கம். ஆனால் கல்வியாண்டு ஜூனில் அல்லாமல் ஜனவரி நடுவில் தொடங்கி, நான்கு பருவங்களாக நடந்து, டிசம்பர் முற்பகுதியில் முடிகிறது. கிரேடு 4, 5, 6 மூன்றும் சேர்ந்து இடைநிலைக் கட்டம் எனப்படும். கிரேடு 5 அந்தக் கட்டத்தின் நடு ஆண்டு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சில பதில்கள் தெளிவாக விளங்கும்.

மொத்தம் எத்தனை பாடம்? ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு நேரம்?

ஆறு பாடங்கள். வாரத்துக்கு 27.5 மணி நேரக் கற்பித்தலில் வீட்டு மொழிக்கு 6 மணி, முதல் கூடுதல் மொழிக்கு 5 மணி, கணக்குக்கு 6 மணி, இயற்கை அறிவியலும் தொழில்நுட்பமும் சேர்ந்த பாடத்துக்கு 3.5 மணி, சமூக அறிவியலுக்கு 3 மணி, வாழ்க்கைத் திறன்களுக்கு 4 மணி ஒதுக்கப்பட்டிருக்கின்றன. உடற்கல்வி, ஓவியம், இசை, நாடகம் ஆகியவை வாழ்க்கைத் திறன்களுக்குள் அடங்கும்.

‘வீட்டு மொழி’ என்ற பெயர் புதிதாக வருபவர்களைக் குழப்புகிறது. அது பிள்ளை வீட்டில் பேசும் மொழி என்று பொருள்படாது; தாய்மொழிக்குரிய உயர்ந்த தரத்தில் பள்ளி கற்பிக்கும் மொழி என்றே பொருள்படும். நம் பகுதிப் பள்ளிகளில் அது ஆங்கிலம். முதல் கூடுதல் மொழி என்பது அதற்கு அடுத்த தரத்தில் கற்பிக்கும் இன்னொரு மொழி; இங்கே பெரும்பாலும் ஆஃப்ரிக்கான்ஸ் அல்லது இசிஸூலு (ஸூலு மக்களின் மொழி). வீட்டில் தமிழே பேசும் பிள்ளைக்கும் அறிக்கை அட்டையில் வீட்டு மொழி ஆங்கிலம் என்றுதான் இருக்கும்.

கிரேடு 3 வரைக்கும் நல்லா படிச்ச பிள்ளை இப்போ ஏன் இப்படித் தடுமாறுது?

நான் மிக அதிகமாகக் கேட்கும் கேள்வி இது. கிரேடு 3 வரை நான்கே பாடங்கள். பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்கிறது. கிரேடு 4-இலிருந்து ஆறு பாடங்கள். பிள்ளை வாசித்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கிரேடு 4-இல் ஆசிரியர்கள் கைபிடித்து நடத்துவார்கள். கிரேடு 5-இல் அந்தப் பிடி தளர்கிறது. பல பள்ளிகளில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருகிறார். ஒரு பக்கத்தைத் தானே வாசித்து, அதில் சொல்லப்பட்டது என்ன, சொல்லாமல் உணர்த்தப்பட்டது என்ன என்று எழுதும்படி கேட்கிறார்கள். எழுத்துக்கூட்டி வேகமாக வாசிக்கும் பிள்ளைக்குப் பொருள் பிடிபடாமல் இருந்திருந்தால், அந்தக் குறை இந்த ஆண்டில்தான் வெளியே தெரியும்.

இது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வதன்று. 2021-இல் நடந்த பன்னாட்டு வாசிப்பு ஆய்வான பிர்ல்ஸில், தென்னாப்பிரிக்காவின் கிரேடு 4 மாணவர்களில் 81 விழுக்காட்டினர் பொருள் புரிந்து வாசிக்கும் அடிப்படை நிலையை எட்டவில்லை. எனவே தடுமாறும் பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவுகட்ட வேண்டாம்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அறிவியல் புத்தகத்தில் இன்னும் நடத்தாத ஒரு பத்தியைப் பிள்ளை உரக்க வாசிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, ‘இதை ஆயாவுக்குச் சொல்’ என்று கேளுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ இரண்டும் கலந்தோ சொல்லட்டும். சொல்ல முடிந்தால் பிள்ளைக்குப் பொருள் புரிகிறது. சொல்ல முடியாவிட்டால் தினமும் இருபது நிமிடம் இதையே பழக்குங்கள். கூடுதல் டியூஷனைவிட இது பயன் தருவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

தாத்தா சொல்லிக்கொடுத்த பெருக்கல் தப்புன்னு டீச்சர் திருப்பி அனுப்பிட்டாங்க. விடை சரிதானே?

விடை சரியாக இருந்தாலும், எந்த முறையில் செய்ய வேண்டும் என்பதையும் கேள்வி குறிப்பிட்டிருக்கலாம். கிரேடு 5-இல் ஆறிலக்க எண்கள் வரை வாசித்து ஒப்பிட வேண்டும். மூவிலக்க எண்ணை ஈரிலக்க எண்ணால் பெருக்கவும் வகுக்கவும் வேண்டும். பெருக்கலில் எண்ணைப் பிரித்துச் செய்யும் முறையே இந்த ஆண்டு எதிர்பார்க்கப்படுகிறது. 346 × 24 என்றால், 346 × 20 = 6920 என்றும் 346 × 4 = 1384 என்றும் தனித்தனியே எழுதி, இரண்டையும் கூட்டி 8304 என்று முடிக்க வேண்டும். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பெருக்குவதும் நீள் வகுத்தலும் கிரேடு 6-க்கு உரியவை.

இதனால் தாத்தாவை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அவர் முறையிலும் 20-ஆல் பெருக்குவதும் 4-ஆல் பெருக்குவதும் உள்ளே நடக்கின்றன. மறைவாக நடப்பதால் பிள்ளைக்குத் தெரிவதில்லை. முதலில் பள்ளி முறையில் செய்துவிட்டு, பிறகு தாத்தா முறையில் சரிபார்க்கச் சொல்லுங்கள். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்வதில் தாத்தாவின் பிடிவாதம் முழுக்க நியாயமானது. வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்கு, கீழெண் 12 வரை போகும் பின்னங்களில் தடுமாற்றம் நிச்சயம் வரும்.

அறிவியல்லயும் சமூக அறிவியல்லயும் என்ன வருது? நாங்க எதுக்குத் தயாரா இருக்கணும்?

அறிவியலில் விலங்குகளின் எலும்புக்கூடுகள், உணவுச் சங்கிலி, வாழ்க்கைச் சுழற்சி ஆகியவற்றில் தொடங்கி, உலோகங்கள், எரிபொருளும் மின்சாரமும் எனச் சென்று, பாறைகளிலும் புதைபடிவங்களிலும் முடியும். வரலாற்றில் தென்னாப்பிரிக்காவின் ஆதி வேட்டைச் சமூகங்களும் மேய்ப்பர்களும், முதல் உழவர்கள், பண்டை எகிப்து, மாகாணங்களின் மரபுச் சின்னங்கள் ஆகியவை இடம்பெறும். புவியியலில் வரைபடத் திறன், நாட்டின் நிலத்தோற்றம், தட்பவெப்பம், கனிமச் சுரங்கங்கள் ஆகியவை வரும்.

மாதிரி செய்வதும் சுவரொட்டி செய்வதும் ஆண்டில் பல முறை இருக்கும். அட்டை, பசை, பழைய டப்பா, ரப்பர் வளையம் ஆகியவற்றை ஒரு பெட்டியில் சேர்த்து வைத்திருங்கள். ஆனால் செய்வது பிள்ளையாகவே இருக்கட்டும். அப்பா செய்த அழகான சக்கர வண்டியைப் பற்றி ஆசிரியர் இரண்டு கேள்வி கேட்டால், பதில் தெரியாமல் வகுப்பின் முன் நிற்கப்போவது பிள்ளைதான்.

இந்த வருஷம் பொதுத்தேர்வு இருக்கா?

கிரேடு 5-இல் பொதுத்தேர்வு கிடையாது. நாடு முழுவதற்கும் பொதுவான பெரிய தேர்வு கிரேடு 12 இறுதியில் வரும் மெட்ரிக் தேர்வு. கிரேடு 5-இல் ஆண்டு முழுவதும் பள்ளியில் நடக்கும் மதிப்பீடுகளுக்கே பெரும்பங்கு மதிப்பெண் உண்டு. ஆண்டிறுதித் தேர்வுக்குச் சிறு பங்குதான். ஆகவே மார்ச் மாதத்தில் தவறவிட்ட ஒரு செயல்திட்டத்தை நவம்பரில் விழுந்து விழுந்து படித்து ஈடுகட்ட இயலாது. இந்தியத் தேர்வு முறையில் வளர்ந்த பெற்றோர் இதைப் புரிந்துகொள்வதற்குள் பாதி ஆண்டு கடந்துவிடுகிறது.

ரிப்போர்ட்ல 4-னு போட்டிருக்கு. நாலாவது ரேங்கா?

இல்லை. அது நிலை எண். 80 விழுக்காடும் அதற்கு மேலும் நிலை 7. 70 முதல் 79 வரை நிலை 6. 60 முதல் 69 வரை நிலை 5. 50 முதல் 59 வரை நிலை 4. 40 முதல் 49 வரை நிலை 3. 30 முதல் 39 வரை நிலை 2. அதற்குக் கீழ் நிலை 1. எண் உயர உயரத் தேர்ச்சியும் உயரும்.

அடுத்த கிரேடுக்குப் போகக் குறைஞ்சது எவ்வளவு வேணும்?

வீட்டு மொழியில் நிலை 4, முதல் கூடுதல் மொழியில் நிலை 3, கணக்கில் நிலை 3, மற்ற பாடங்களில் ஏதேனும் இரண்டில் நிலை 3 வேண்டும். வீட்டு மொழியில் மட்டும் 50 விழுக்காடு தேவை என்பதைக் கவனியுங்கள். கணக்கில் 45 பெற்ற பிள்ளையைப் பார்த்துக் கவலைப்படும் பெற்றோர், ஆங்கிலத்தில் அதே 45 பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசாமல் விடுகிறார்கள். உண்மையில் இரண்டாவது பிள்ளையின் நிலைதான் ஆபத்தானது.

கிரேடு 4-ல ஏற்கெனவே ஒரு தடவை நின்னுட்டான். இந்த வருஷமும் மார்க் பத்தலைன்னா மறுபடியும் நிறுத்திடுவாங்களா?

நிறுத்த மாட்டார்கள். முதல் பதிலில் சொன்ன கட்டம் இங்கே முக்கியமாகிறது. ஒரு பிள்ளையை ஒரு கட்டத்தில் ஒரு முறை மட்டுமே அதே கிரேடில் நிறுத்தலாம் என்பது விதி. கிரேடு 4-இல் ஒரு முறை நின்றவன், மதிப்பெண் போதாவிட்டாலும் கிரேடு 6-க்கு முன்னேற்றப்படுவான்.

அதைக் கேட்டு நிம்மதியடைந்துவிட வேண்டாம். அந்தப் பிள்ளை அடிப்படை இல்லாமல் மேலே போகிறது. 2014-இல் வந்த சயாஸ் என்ற தேசியக் கொள்கையின்படி, கற்றலில் தடை உள்ள பிள்ளைகளை அடையாளம் கண்டு துணைசெய்ய வேண்டியது பள்ளியின் பொறுப்பு. அதற்கெனப் பள்ளியில் ஓர் ஆதரவுக் குழு இருக்க வேண்டும். ஆண்டு முடிவுக்குக் காத்திருக்காமல் இரண்டாம் பருவத்திலேயே, ‘என் பிள்ளைக்கான ஆதரவுத் திட்டம் என்ன?’ என்று எழுத்தில் கேளுங்கள். பார்வை, செவிப்புலன் இரண்டையும் சோதித்து விடுங்கள். கரும்பலகை தெரியாததால் பின்தங்கிய பிள்ளைகள் என் வகுப்பிலும் இருந்திருக்கிறார்கள்.

ஆஃப்ரிக்கான்ஸா, இசிஸூலுவா? எது எடுக்கச் சொல்லலாம்?

முதல் கூடுதல் மொழியை விருப்பம்போல் தேர்ந்தெடுக்கப் பல பள்ளிகளில் இடமே இருக்காது. பள்ளி கற்பிக்கும் மொழியைத்தான் எடுக்க முடியும். இடம் இருந்தால் நான் இசிஸூலுவையே சொல்வேன். நம் மாகாணமான குவாஸூலு நட்டாலில் வாழும் பிள்ளைக்கு அது கடையிலும் மருத்துவமனையிலும் விளையாட்டுத் திடலிலும் காதில் விழும் மொழி. நாட்டிலேயே மிக அதிகமானோர் வீட்டில் பேசும் மொழியும் அதுதான். நம் முன்னோர் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே அந்த மொழியைப் பழகிக்கொண்டார்கள். மாற்ற விரும்பினால் முன்கூட்டியே மாற்றுங்கள். கிரேடு 5-க்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் இடைவெளி கூடும்.

பத்து வயசுப் பிள்ளைக்கு எய்ட்ஸ் பத்திப் பாடமா? இதெல்லாம் வேணாம்னு சொல்ல முடியாதா?

வாழ்க்கைத் திறன்கள் பாடத்தில் எச்.ஐ.வி. பற்றியும், நோயுற்றவர்களை ஒதுக்காமல் நடத்துவது பற்றியும், போதைப்பொருள், பிள்ளைகள் மீதான வன்முறை ஆகியவை பற்றியும் வயதுக்கு ஏற்ப வரும். தாய்மாரின் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இப்பாடத்தைத் தவிர்க்க முயல வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன். யாராவது தவறாகத் தொட்டால் யாரிடம் சொல்வது என்பதைப் பல பிள்ளைகள் இந்த வகுப்பில்தான் முதன்முதலாகக் கேட்கிறார்கள். பிள்ளைகளே இலவசமாக அழைக்கக்கூடிய சைல்ட்லைன் எண் 116 என்பதை வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

இதே பாடத்தில் பல சமயங்களின் விழாக்களும் வழக்கங்களும் கிரேடு 5-இல் வருகின்றன. அந்த வாரத்தில் காவடி பற்றியோ மாரியம்மன் கூழ் பற்றியோ பிள்ளை வகுப்பில் எழுந்து பேச வீட்டார் உதவலாம்.

டீச்சர் ரெண்டு அடி போட்டா என்ன தப்பு? நாங்க அடி வாங்கித்தானே படிச்சோம்?

1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடைசெய்துவிட்டது. அடிக்கும் ஆசிரியர் குற்றம் செய்கிறார். பெற்றோர் ‘அடியுங்கள்’ என்று அனுமதி கொடுத்தாலும் அது செல்லாது. வீட்டில் அடிப்பதற்கு இருந்த சட்டப் பாதுகாப்பையும் 2019-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கிவிட்டது. மேலே சொன்ன வாசிப்புத் தடுமாற்றத்தை அடி ஒருபோதும் சரிசெய்யாது. பிள்ளை புத்தகத்தைக் கண்டாலே பயப்படத்தான் தொடங்கும்.

ஃபீஸ் கட்ட முடியலை. ரிப்போர்ட்டை நிறுத்தி வைப்போம்னு சொல்றாங்க. செய்யலாமா?

செய்யக்கூடாது. கட்டணம் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக அரசுப் பள்ளி பிள்ளையை வகுப்பிலிருந்து விலக்கவோ அறிக்கையைத் தராமல் இருக்கவோ சட்டத்தில் இடமில்லை. கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளியில், ஆண்டுக் கட்டணம் பெற்றோர் இருவரின் மொத்த ஆண்டு வருமானத்தில் 10 விழுக்காட்டை எட்டினால் முழு விலக்குக் கோரலாம். அதற்குக் குறைவாக இருந்தாலும் பகுதி விலக்குக்கு வழி உண்டு. விண்ணப்பத்தைப் பள்ளி நிர்வாகக் குழுவுக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். ‘நாலு பேருக்குத் தெரிந்தால் அவமானம்’ என்று விண்ணப்பிக்காமல் கடன் வாங்கிக் கட்டிய குடும்பங்களைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன். விலக்குப் பெறுவது சட்டம் தரும் உரிமை.

மகளுக்கு மூக்குத்தி போட்டிருக்கோம், கையில காப்புக் கயிறும் இருக்கு. கழட்டச் சொன்னா என்ன செய்யறது?

இந்த உரிமைக்காகப் போராடியது நம் மாகாணத்தைச் சேர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம் என்பதைப் பலர் அறியவில்லை. பள்ளிச் சீருடை விதியைக் காரணம் காட்டி மாணவி ஒருவரின் மூக்குத்தி மறுக்கப்பட்ட வழக்கில், 2007 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த மாணவிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. சமயத்தோடும் பண்பாட்டோடும் இணைந்த வழக்கத்துக்குப் பள்ளி நியாயமான அளவில் இடம் தர வேண்டும் என்பது அதன் சாரம்.

இருந்தாலும் முதல் நாளே தீர்ப்போடு போய் நிற்க வேண்டாம். அணிவதற்கு முன்பே காரணத்தை விளக்கி முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். தீபாவளிக்கும் இதே வழிதான். அது பொது விடுமுறை நாள் அன்று. ஆகவே பிள்ளை வராததற்கான காரணத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அன்று மதிப்பீடு இருந்தால் வேறு நாள் கேட்க வேண்டும்.

சென்னையில நாலாங்கிளாஸ் முடிச்சுட்டு ஜூன்ல வந்திருக்கோம். எந்த கிரேடுல சேர்ப்பாங்க?

பிள்ளையின் வயதையும் முந்தைய பள்ளியின் அறிக்கையையும் பார்த்துப் பள்ளி முடிவுசெய்யும். ஆண்டின் நடுவில் வந்திருப்பதால், நான்காம் வகுப்பு முடித்த பிள்ளை ஒரு பாதி கிரேடு 4-இலோ ஒரு பாதி கிரேடு 5-இலோ உட்கார நேரிடும். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், விசா ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ‘பின்னுக்குப் போகிறதே’ என்று பெற்றோர் கிரேடு 5-க்கு வற்புறுத்துவதை அடிக்கடி காண்கிறேன். கணக்கில் அந்தப் பிள்ளை முந்தியே இருக்கும். ஆனால் புதிய முதல் கூடுதல் மொழியும், தானே வாசித்து எழுதும் முறையும் ஒரே நேரத்தில் அழுத்தும். பிள்ளை வயதில் இளையதாக இருந்தால் கிரேடு 4-இன் இரண்டாம் பாதியே நல்லது.

பாடச்சுமை கூடிடுச்சு. இந்த வருஷம் தமிழ் வகுப்பை நிறுத்திடலாமா?

இதில் நான் நடுநிலையாளர் அல்ல. ஆகவே என் காரணங்களைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் முடிவெடுங்கள். 2014-இல் தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது ஆகியவை இரண்டாம் கூடுதல் மொழி நிலையில் பள்ளியில் கற்பிக்க இசைவு பெற்றன. ஆனால் அதற்கான நேரம் மேலே சொன்ன 27.5 மணிக்குள் வராது. பள்ளி தனியே நேரமும் ஆசிரியரும் தேட வேண்டும். அதனால் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தமிழ் என்பது கோயில் மண்டபத்திலோ சங்கக் கட்டடத்திலோ நடக்கும் வாராந்தர வகுப்புத்தான். பெரியவர்கள் அதை இன்னும் ‘வெர்னாக்குலர்’ என்றே சொல்கிறார்கள். கிரேடு 5-இல் நிறுத்திய பிள்ளைகளில் பிறகு திரும்பி வந்தவர்கள் மிகச் சிலரே.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் தமிழ். பிள்ளையின் சுமை அந்த இரண்டு மணி நேரத்தில் இல்லை. பொருள் புரியாமல் வாசிப்பதில் இருக்கிறது. ஒரு மொழியில் ஒரு கதையைப் புரிந்து திருப்பிச் சொல்லத் தெரிந்த பிள்ளை அடுத்த மொழியிலும் அதைச் செய்கிறது. சோதனை வாரங்களில் வகுப்புக்கு வராமல் இருக்கலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பெயரை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

நம்ம ஆளுங்க கப்பல்ல வந்த கதையெல்லாம் இந்த வருஷப் பாடத்துல வருமா?

பாடத்திட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளின் வரலாறு கிரேடு 8-இல்தான் வருகிறது. ஆனால் கிரேடு 5-இன் மரபுச் சின்னங்கள் பகுதியில் பிள்ளை தன் மாகாணத்தின் மரபைப் பற்றி எழுத வேண்டியிருக்கும். வீட்டுக் கதையைச் சேர்க்க அது நல்ல இடம். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரைசேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் மொத்தம் 1,52,184 பேர். அவர்களுடைய பதிவுகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும், ஊரும் மாவட்டமும் குறிக்கப்பட்டிருக்கின்றன. குவாஸூலு நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம் கப்பல் பட்டியல்களைப் பாதுகாத்து வருகிறது.

ஆயாவிடம் பழைய காகிதங்கள் இருந்தால் முதலில் அந்த எண்ணைத் தேடுங்கள். எண் கிடைத்தால் கப்பலின் பெயரும் ஊரின் பெயரும் கிடைக்கக்கூடும். ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயரைத் தமிழ் ஒலியோடு படித்துப் பார்த்தால்தான் எந்த ஊர் என்று விளங்கும். அந்த வேலைக்குத் தமிழ் எழுத்தறிந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.